சப்பாத்து பதுளையிலேயே கிடைக்கும்

எங்கள் கடை மாடியில் இன்னும் பதினான்கு மூட்டை பழைய துணி கிடக்கிறது. தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ் எடுக்கவும் ரீசார்ஜ் செய்யவும் வருகிறவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "என்னண்ணே, எலி ஏதும் செத்துக் கிடக்கா?" என்று கேட்கிறார்கள். எலி இல்லை. போன டிசம்பர் முதல் வாரத்தில் ஆட்டோவில் மைக் கட்டி, நானே தெருத்தெருவாகக் கேட்டு வாங்கிய துணி. இலங்கைக்கு அனுப்பப் போகிறேன் என்று சொல்லித்தான் வாங்கினேன். அதில் ஒரு கைக்குட்டைகூடக் கடல் தாண்டவில்லை.

ஆரம்பத்தில் முப்பத்திரண்டு மூட்டை இருந்தது. மீதி எங்கே போனது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இலங்கை வெளிநாடு என்பதை நான் பள்ளிக்கூடம் போய்த்தான் தெரிந்துகொண்டேன். சின்ன வயதில் வீட்டு ரேடியோவில் திருச்சியைவிடக் கொழும்புதான் சுத்தமாகக் கேட்கும். அரிச்சல்முனையில் போய் நின்றால் இப்போதும் சில நேரம் செல்போன் அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொண்டு, இலங்கைக்கு நல்வரவு என்று குறுஞ்செய்தி அனுப்பும். அங்கிருந்து தலைமன்னார் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். எங்கள் ஊரிலிருந்து ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸுக்கு அதைவிடத் தூரம்.

அம்மா பிறந்ததே அங்கேதான். பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீட்டில். தாத்தாவுக்குத் தாத்தா முதுகுளத்தூர்ப் பக்கத்தில் மழை பொய்த்த ஒரு வருஷம் கங்காணி பின்னால் கிளம்பிப் போனவர். 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிக்கை போட்டுப் பிரித்தார்கள். மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அம்மாவின் வீட்டில் தாத்தா இந்தியாவுக்கு மனுப் போட்டார். பெரியம்மாவுக்கு அதற்குள் கல்யாணம் ஆகியிருந்தது, மாப்பிள்ளை வீட்டார் அங்கேயே இருக்க மனுப் போட்டவர்கள். 1973-ல் தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது அம்மாவுக்குப் பதினைந்து வயது. வழக்கமாகத் தனுஷ்கோடியில் இறங்க வேண்டிய கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது. ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதம்கூட ஆகாத டிசம்பர் 22 ராத்திரி, வவுனியா, மன்னார்ப் பக்கத்தை அடித்துவிட்டு வந்த புயல் தனுஷ்கோடியைத் துடைத்துக்கொண்டு போயிருந்ததுதான் காரணம். அப்புறம் மண்டபம் கேம்ப். அங்கிருந்து பூர்வீக ஊர், அங்கிருந்து அப்பாவைக் கட்டிக்கொண்டு தங்கச்சிமடம்.

இத்தனையும் சொல்லக் காரணம், போன நவம்பர் 28-ம் தேதி டிட்வா புயல் இலங்கையில் ஏறியபோது எங்கள் வீட்டில் யாரும் அதை வெளிநாட்டுச் செய்தியாகப் பார்க்கவில்லை என்பதற்காகத்தான். பாம்பனில் கூண்டு ஏற்றியிருந்தார்கள். எங்களுக்கும் மழையும் காற்றும்தான். ஆனால் அம்மா வாசலுக்கு வந்து கடலைப் பார்க்கவே இல்லை. டிவியில் மலைப் பக்கம் ஏதாவது காட்டுகிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். புயல் என்றால் கடற்கரைக்குத்தான் ஆபத்து என்று நினைக்கிற ஊர் எங்களுடையது. டிட்வாவில் செத்த அறுநூற்றுக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் மலைநாட்டுக்காரர்கள். காற்றைவிட மழையும் மண்சரிவும்தான் ஆளைக் கொன்றன.

நான்கு நாள் பெரியம்மா வீட்டுப் போன் எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் வேறு யாரோ ஒருவரின் போனிலிருந்து பெரியம்மா மகள், எனக்கு அக்கா, கூப்பிட்டாள்.

"உசிரோட இருக்கம் சின்னம்மா. மேல் லயத்த மண்ணு மூடிருச்சு. எங்க லயம் நிக்கிது. செவுரு வெடிச்சுக் கெடக்கு. கட்டட ஆராய்ச்சி நிறுவனத்து ஆளுக வந்து பாத்துட்டு, இதுல படுக்கக் கூடாதுன்னுட்டாங்க. இப்ப பள்ளிக்கூடத்துல இருக்கம்."

அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னிடம், "எதாவது பண்ணுடா தம்பி" என்றாள். எனக்குத் தெரிந்த ஏதாவது மைக் கட்டுவதுதான்.

ஊரில் எல்லோரும் கொடுத்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மை அப்படியில்லை. எங்கள் ராமேஸ்வரம் தீவில் இலங்கை என்றாலே பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது இலங்கைக் கடற்படை. பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவருக்கு ஒரு விசைப்படகில் பங்கு இருந்தது. அந்தப் படகைப் பிடித்துக்கொண்டு போய் மூன்று வருஷம் ஆகிறது, இன்னும் திரும்பவில்லை. நான் ரசீதுப் புத்தகத்தோடு போனதும் கையை எடுத்துக் கும்பிட்டார்.

"தம்பி, என் போட்ட அங்க கட்டிப் போட்டு துருப்புடிக்க விட்டிருக்கான். அவனுக்கு நான் காசு தரணுமாக்கும்?"

கூட வந்த அம்மா சொன்னாள்: "போட்டப் புடிச்சவன் பிள்ளைக்கா கேக்குறேன்? கொழுந்து பறிக்கிறவ பிள்ளைக்குக் கேக்குறேன்."

அவர் தரவில்லை. நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். படகு போன வீட்டில் அவர் பிள்ளைகளுக்கு யார் வசூல் பண்ணினார்கள்? சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கிற பெண்கள் ஆளுக்கு நூறு, ஐம்பது என்று தந்தார்கள். பாசி எடுக்கும் நாளில் இடுப்பளவு தண்ணீரில் ஐந்தாறு மணி நேரம் நின்று சம்பாதிக்கிற காசு அது. ஒரு பாட்டி ஒரு ஓலைப்பெட்டி நிறையக் கருவாடு கொண்டு வந்து வைத்தார். கருவாட்டை எப்படிப் பாட்டி அனுப்புவது என்றால், "அங்கிட்டு மலையில கருவாடு கெடைக்காதுய்யா" என்கிறார். நாளெல்லாம் பேசினாலும் அவரைத் திருப்பி அனுப்ப முடியாது என்று வாங்கி வைத்தேன். துணிதான் வந்து குவிந்தது. பட்டன் இல்லாத சட்டை, ஒற்றைக் காலுறை, பாவாடை இல்லாத தாவணி, ஒரு வக்கீல் கோட்டுகூட இருந்தது.

எனக்கு அப்போதே புத்தி வந்திருக்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் போய் வந்தவன் நான். அந்த முறை எங்கள் பாக் நீரிணைக் கரையில் பெரிய சேதம் இல்லை. இலங்கை குறுக்கே படுத்து அலையைத் தன் முதுகில் வாங்கிக்கொண்டது. அங்கே முல்லைத்தீவு, மட்டக்களப்பு, அம்பாறை, காலி என்று முப்பதாயிரத்துக்கும் மேல் செத்தார்கள். இங்கே நாகப்பட்டினம் சாலையோரம் முழுக்க, நாடெங்கும் இருந்து வந்த பழைய துணி மழையில் நனைந்து மலைமலையாகக் கிடந்ததைப் பார்த்தேன். வீடு வாசல் போனாலும் மானம் போகாத மீனவப் பெண்கள் அதைத் தொடக்கூட இல்லை. அதைப் பார்த்துவிட்டு வந்து, இருபத்தொரு வருஷம் கழித்து அதே வேலையை நான் மைக் வைத்துச் செய்திருக்கிறேன்.

அனுப்புவது எப்படி என்று விசாரிக்க ஆரம்பித்தபோதுதான் கடல் எவ்வளவு அகலம் என்று புரிந்தது. அரசாங்கத்துக்கு வழி இருக்கிறது. 2022-ல் இலங்கையில் பொருளாதாரம் விழுந்தபோது தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசி, 500 டன் பால்பவுடர், மருந்து என்று கப்பல் கப்பலாக அனுப்பியது. இந்த முறையும் டிசம்பர் தொடக்கத்திலேயே சென்னையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் நிவாரணம் போனது. ஆனால் தங்கச்சிமடத்து ஜெராக்ஸ் கடைக்காரன் முப்பத்திரண்டு மூட்டையை வைத்துக்கொண்டு எந்தக் கப்பலில் ஏற்ற முடியும்? ராமேஸ்வரம் தலைமன்னார் கப்பல் நின்று நாற்பது வருஷம் ஆகிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023-ல் தொடங்கிய கப்பல் ஆள் ஏற்றுகிற கப்பல், அதில் இதை யார் ஏற்றுவார்கள்? ஒருவர், மாசியில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போகும்போது ஆளுக்கொரு பை கொண்டு போய்விடலாம் என்று யோசனை சொன்னார். சாமி கும்பிடப் போகிற படகில் சோதனை எப்படி இருக்கும் என்று போய் வந்தவர்களுக்குத் தெரியும். போதாக்குறைக்கு கச்சத்தீவிலிருந்து பதுளை எங்கே இருக்கிறது!

சரி, பணமாக அனுப்பலாம் என்று நினைத்தேன். ஒரு நண்பர் அறக்கட்டளை வைத்திருக்கிறார். அவர் கணக்கில் போட்டு அனுப்பச் சொன்னால் கையை விரித்தார். வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளை தன் வருமானத்தை இந்தியாவுக்குள்தான் செலவு செய்ய வேண்டும், வெளிநாட்டில் செலவு செய்ய மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் அனுமதி வேண்டும், இல்லையென்றால் அந்தத் தொகைக்கு விலக்கு கிடையாது என்றார். அடுத்து வங்கி. தனி ஆள் வெளிநாட்டுக்கு அன்பளிப்பாகப் பணம் அனுப்பலாம், அதற்கு வருஷத்துக்கு 2,50,000 டாலர் வரைக்கும் ரிசர்வ் வங்கி இடம் கொடுக்கிறது. (அந்தத் தொகையைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது.) பான் அட்டை வேண்டும், ஒரு படிவம் எழுதித் தர வேண்டும். ஆனால் ஊரில் வசூல் பண்ணியதை என் பெயரில் போட்டு அனுப்புவது சரிப்படாது, அவரவர் பணத்தை அவரவர் பெயரில் அனுப்புங்கள் என்று கவுன்டரில் இருந்தவர் பொறுமையாகச் சொன்னார். கடல்பாசி எடுக்கிற அக்காவின் நூறு ரூபாயை அவர் பெயரில் அனுப்பினால் வங்கிக் கட்டணம் அதைப்போலப் பல மடங்கு வரும்.

வெளியே வந்ததும் கூட வந்தவர் மெல்லச் சொன்னார், "உண்டியல்ல போட்டுருவோமா?" இங்கே கையில் கொடுத்தால் அங்கே கையில் கொடுக்கிற அந்த உண்டியலைச் சொல்கிறார். கோயில் உண்டியலுக்கும் அதற்கும் பெயர் ஒன்று என்பது எங்கள் பக்கத்து வேடிக்கை. ஒரே நாளில் வேலை முடியும், கட்டணமும் குறைவு. வேண்டாம் என்றேன். நல்ல காரியத்துக்கு வாங்கிய காசு யார் யாருடைய காசோடு கலந்து போகும் என்று யாருக்குத் தெரியும்? பயமும் ஒரு காரணம்தான், மறைக்கவில்லை.

இந்த அலைச்சலுக்கு நடுவில் அக்கா, பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவரின் நம்பரைக் கொடுத்திருந்தாள். அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் தங்கியிருந்தார்கள். டீச்சரும் லயத்தில் பிறந்து படித்து வந்தவர்தான். நான் ஆர்வக்கோளாறில், பிள்ளைகளின் காலைத் தாளில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டுப் படம் எடுத்து அனுப்புங்கள், இங்கே மதுரையில் மொத்தமாக ஷூ வாங்கிவிடுகிறேன் என்று கேட்டேன். பதினொரு படம் வந்தது. பதினொரு பாதம். போனில் வந்த பாதத்துக்கு அளவு தெரியாது என்று என் மகள் சொல்லித்தான் தெரிந்தது. மறுபடியும் கூப்பிட்டேன். டீச்சர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்:

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க. சப்பாத்து பதுளையிலேயே கிடைக்கும். கடையெல்லாம் திறந்துட்டாங்க. காசுதான் இல்ல."

நான் அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கடை திறந்திருக்கிறது. அந்தக் கடைக்காரருக்கும் வெள்ளத்தில் நட்டம் வந்திருக்கும், அவருக்கும் யாபாரம் வேண்டும். நான் மதுரையில் ஷூ வாங்கி, அதை அனுப்ப வழி தேடி, சுங்கத்தில் நின்று, கடைசியில் அளவு தப்பிப் போய்ச் சேரும்போது அந்தப் பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போயிருக்கும். இந்த ரூபாய் அங்கே போனால் மூன்று மடங்குக்கு மேல் எண்ணிக்கையாகிறது. விலைவாசியும் அப்படித்தான் ஏறிக் கிடக்கிறது என்பது வேறு விஷயம்.

வேறு என்ன வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் முறையாகக் கேட்டேன். எல்லாருக்கும் முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கொப்பி, புத்தகப் பை என்று நான் நினைத்தவை பட்டியலில் கீழே இருந்தன. மேலே இருந்தவை இவை: ஒரு பையனுக்கு மூக்குக் கண்ணாடி. இரண்டு வீட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் நகல் எடுக்கப் போய்வர பஸ் காசு. வயசுக்கு வந்த பெண் பிள்ளைகளுக்கு உள்ளாடை, நாப்கின். நான் வசூலித்த முப்பத்திரண்டு மூட்டையில் இல்லாதவை இவைதான். பெரியம்மாவின் பேத்தி உயர்தரப் பரீட்சை, நம்ம ஊர் பிளஸ் டூ மாதிரி, எழுதிக்கொண்டிருந்தாள். புயலால் பரீட்சையைப் பாதியில் நிறுத்தி ஜனவரிக்குத் தள்ளிவிட்டார்கள். படித்த கொப்பியெல்லாம் சேற்றில். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "மாமா, நூத்தம்பது பேர் படுக்கிற ஹோல்ல ராத்திரி லைட் போட ஏலாது. ஒரு சார்ஜ் லைட் வாங்கித் தருவீங்களா?"

நடுவே இன்னொன்று. வசூலின்போது வசதியான ஒரு தம்பதி கடைக்கு வந்து, அநாதையான பெண் குழந்தை இருந்தால் நாங்கள் எடுத்து வளர்க்கிறோம் என்றார்கள். குழந்தை இல்லாதவர்கள், நல்ல மனசு. எனக்கு எரிச்சல் வந்ததைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கப் படாத பாடு பட்டேன். 2014-ல் அதே பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் காலை வேளையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள், திரும்பிப் போக வீடு இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு பாட்டியோ சித்தப்பாவோ இருந்திருப்பார்கள். தாய் தகப்பன் போனால் பிள்ளை ஊருக்கே சொந்தமில்லாமல் போய்விடாது. நாகப்பட்டினத்தில் அன்னை சத்யா இல்லத்தில் வளர்ந்த சுனாமிப் பிள்ளைகளை அன்றைய கலெக்டர் ராதாகிருஷ்ணன் விட்டுவிடவில்லை. அங்கே வளர்ந்த ஒரு பெண்ணின் கல்யாணத்துக்குப் பதினேழு வருஷம் கழித்தும் போய் முன்னால் நின்றார். நான் அந்தத் தம்பதியிடம் அதைத்தான் சொன்னேன். தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை, இருக்கிற இடத்தில் தாங்கினால் போதும் என்றேன். அவர்கள் முகம் வாடிப்போய்த்தான் போனார்கள். பிறகு திரும்பி வந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

கடைசியில் வழி சொன்னது அம்மா. "சீட்டுப் போடுங்கடா" என்றாள். வங்கியில் கணக்கும் பான் அட்டையும் உள்ள ஒன்பது பேர் சேர்ந்தோம். அந்தத் தம்பதி அதில் ஒருவர். மாதம் ஒருவர், அவரவர் சொந்தப் பணம், அவரவர் பெயரில், அக்கா கணக்குக்கு அன்பளிப்பு. ஒருவர் அனுப்பினால் அடுத்த முறை வர ஒன்பது மாதம். யார் எந்த மாதம் என்று குலுக்கிப் போட்டு எடுத்தோம். ஏலச் சீட்டில் முதல் சீட்டு விழுந்தவருக்குக் கொண்டாட்டம், இதில் விழுந்தவர் மூஞ்சியைப் பார்க்க வேண்டும். எனக்குத்தான் விழுந்தது. பணத்தை என்ன செய்வது என்பதை டீச்சரும் அக்காவும் இன்னும் இரண்டு தாய்மார்களும் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். பில்லைப் போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள். பிள்ளைகளைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ஒன்பது பேரில் இரண்டு பேருக்கு அதில் வருத்தம்.

பாசிக்காரப் பெண்கள் கொடுத்த பணம் 23,400 ரூபாய் சேர்ந்திருந்தது. அதைக் கடல் தாண்ட வைக்க முடியவில்லை என்று சின்னப்பாலம் போய்ச் சொன்னேன். ஒரு அக்கா, "இங்கிட்டு வந்த பிள்ளைக இருக்குல்ல, மண்டபத்துல?" என்றார். 2022 மார்ச்சிலிருந்து அரிசி, பால்பவுடர் வாங்க முடியாமல் படகேறி, தனுஷ்கோடி மணல்திட்டில் இறக்கிவிடப்பட்ட குடும்பங்கள் இன்னும் மண்டபம் மறுவாழ்வு முகாமில் இருக்கிறார்கள். அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கு அந்தப் பணம் போனது. அம்மா 1973-ல் வந்து இறங்கிய இடம். கருவாடும் அங்கேதான் போனது. அந்தப் பாட்டியிடம் இன்னும் சொல்லவில்லை.

இப்போது ஆறு மாதம் ஆகிறது. பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்துவிட்டார்கள். ஆனால் பழைய லயத்துக்கும் போக முடியாது, புது வீடும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் சரிவில் வரிசையாகக் கட்டிய பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைகள். நாலு தலைமுறை இருந்தும் பெரும்பாலோருக்கு அந்த மண் சொந்தமில்லை, தோட்டத்துக்குச் சொந்தம். வேறு இடத்தில் ஒரு கல்லை நட்டு வீடு கட்டிக்கொள்ளக்கூட அவர்களால் முடியாது. இதற்கு எங்கள் ஒன்பது பேர் சீட்டு எந்த மூலைக்கு? அக்கா ஒருமுறை வெடுக்கென்று கேட்டாள், "தம்பி, சப்பாத்து வாங்கியாச்சு. போட்டுக்கிட்டு எந்த வீட்டுக்குப் போறது?" பதில் சொல்லத் தெரியாமல் சிக்னல் சரியில்லை என்று போனை வைத்தேன். அடுத்த மாதத்துக்காரருக்கு மட்டும் ஞாபகப்படுத்தினேன்.

பேத்தி ஜனவரியில் பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். சார்ஜ் லைட் இப்போது பெரியம்மாவிடம் இருக்கிறதாம், ராத்திரி வெளியே போக.

ஆங், துணி. ஏப்ரல் 15-ல் தடைக்காலம் தொடங்கியது. அறுபத்தொரு நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. எல்லாப் படகையும் கரையேற்றி, சுரண்டி, பெயின்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்துப் போடுகிற நேரம். துடைக்க வேஸ்ட் துணி மூட்டை மூட்டையாகத் தேவைப்படும். படகு போன அந்த அண்ணன் இப்போது இன்னொருவர் படகில் இன்ஜின் வேலை பார்க்கிறார். ஒருநாள் கடை வாசலில் நின்று மாடியைப் பார்த்தார்.

"கிலோ என்ன வெல போடுற?"

"சும்மாவே எடுத்துட்டுப் போங்கண்ணே."

"ஊர்ல இருந்து கேட்டு வாங்குனத சும்மா தர நீ யாருடா? வெலயச் சொல்லு."

"நாப்பது."

"முப்பது."

முப்பத்தைந்தில் முடிந்தது. எந்தக் கணக்கில் எழுதப் போகிறாய் என்று கேட்டார். பாசிக்காரப் பெண்கள் பணத்தோடு, மண்டபத்துப் பிள்ளைகள் கணக்கில் என்றேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வக்கீல் கோட்டு இருந்த மூட்டையை முதலில் தோளில் ஏற்றிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு வேறு படகுக்காரர்களும் வர ஆரம்பித்தார்கள். பதினெட்டு மூட்டை போய்விட்டது. தடைக்காலம் முடிய இன்னும் சில வாரம் இருக்கிறது.